அறுபது கிலோ, மாநில வெள்ளி

வாசகர் கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 41 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் கிராமம், ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது பாக்ஸிங் பழக ஆரம்பித்தேன். மாவட்டம் பிரிவதற்கு முன்னால் தர்மபுரிக்காக ஆடினேன், பிரிந்த பிறகு கிருஷ்ணகிரிக்காக. 2006-ல் மாநிலப் போட்டி, 60 கிலோ ஃபைனல். மூன்று ரவுண்டு முடிந்தபோது 11–9 என்று நான்தான் முன்னால் இருந்தேன். நாலாவது ரவுண்டில் கால் எழவில்லை. 12–14. வெள்ளியோடு இறங்கினேன். என் சாதாரண எடை 65. மாஸ்டர் 60-க்கு இறங்கச் சொன்னார், ஏனென்றால் 64-ல் அவரிடமே இன்னொரு பையன் இருந்தான். கடைசி இரண்டு நாள் வாய் கொப்பளித்துத் துப்பினேனே தவிர தண்ணீர் விழுங்கவில்லை. நான் உள்ளே புகுந்து உடம்பில் அடிக்கிற ஆள். தள்ளி நின்று ஜாப் போடு என்று மாஸ்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார், கேட்கவில்லை.

அப்புறம் ஒரு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மாங்காய் சீசன், தோப்புக் குத்தகைப் பணம் கட்டியிருந்தோம். போகவில்லை. மாஸ்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினார், போய்ப் பார்க்கவில்லை. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். 2008-ல் விஜேந்தர் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதைக் கம்பெனி கேன்டீனில் நின்றபடி டிவியில் பார்த்தேன். இந்தியாவிலிருந்து ஐந்து பேர் போயிருந்தார்கள், 60 கிலோவில் ஒருத்தரும் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது என்பது இன்றுவரை மனதை அறுக்கிறது. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் இன்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் இருக்கிறான். மாஸ்டர் வயதாகி வீட்டோடு இருக்கிறார். அவர் மகனைக் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பார்த்தால் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன்.

நைட் ஷிப்ட் முடிந்து படுத்தால் அந்த நாலாவது ரவுண்டுதான் ஓடுகிறது. வாரத்தில் மூன்று நாள் குவார்ட்டர். தலைவலி வருகிறது, சாமானை எங்கே வைத்தேன் என்று மறந்துபோகிறது. 13 வயது மகள் பாக்ஸிங்கில் சேர்த்துவிடு என்கிறாள், கத்திவிட்டேன். பழைய பார்ட்னர் ஒருத்தன், இந்தத் திருவிழாவுக்கு நாம் இரண்டு பேரும் ஒரு காட்சி மேட்ச் ஆடலாம் என்கிறான். ஒரு தடவை ஏறி இறங்கினால் மனசு ஆறிவிடும் என்று தோன்றுகிறது. நான் விட்டது தப்பா, டாக்டர்?

பதில்:

தம்பி, முதலில் அந்தத் திருவிழா மேட்சை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம், இது மட்டும் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

அமெச்சூர் பாக்ஸிங்கில் பெரியவர்கள் பிரிவு 19 வயதில் தொடங்கி 40-ல் முடிகிறது. அந்த வரம்பைச் சும்மா போடவில்லை. வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் போகிற சிறிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், இருபது வயதில் தாங்கிய அதே அடி நாற்பதில் அந்தக் குழாயைக் கிழித்துவிடலாம். தொடர்ந்து குடிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். முறையான போட்டி என்றால் ஏறும் முன் டாக்டர் பரிசோதிப்பார், ரிங் ஓரத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார், அவர் கை காட்டினால் ரெஃப்ரி நிறுத்துவார். திருவிழா மேடையில் டியூப்லைட்டும் மைக் செட்டும் இருக்கும், விசிலடிக்க ஊரே இருக்கும், நிறுத்தச் சொல்ல ஆள் இருக்காது. அதுவும் காரணம் தெரியாத தலைவலியை வைத்துக்கொண்டு! காட்சி மேட்ச் என்று மெதுவாகத்தான் ஆரம்பிப்பீர்கள், முதல் நல்ல அடி விழுந்ததும் இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயதாகிவிடும், அது உங்களுக்கே தெரியும்.

பேக் அடியுங்கள், ஸ்கிப்பிங் போடுங்கள், ஷேடோ செய்யுங்கள் (எதிரில் ஆள் இல்லாமல் காற்றில் குத்துவது), யாராவது பேட் பிடித்தால் பேட் அடியுங்கள். உங்கள் தூக்கத்துக்கும் மனதுக்கும் அது மருந்து. தலையில் வாங்குகிற எதுவும் வேண்டாம், ஸ்பாரிங் உட்பட.

சரி, இப்போது அந்த ஃபைனலுக்கு வருவோம். நான் ரிங் ஏறினவன் இல்லை, விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறவன் என்பதால் விதிகளைத் தெரிந்துவைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற எண்களை வைத்தே சில விஷயங்களைச் சொல்ல முடியும், அவை நீங்கள் இத்தனை வருடம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்த கதையோடு ஒத்துப்போகவில்லை.

நீங்கள் ஆடியது பட்டன் காலம். ஐந்து நடுவர்கள், ஆளுக்குச் சிவப்பு, நீலம் என்று பட்டன்கள், ஒரு அடி விழுந்தால் குறைந்தது மூன்று பேர் ஒரே வினாடிக்குள் ஒரே நிறத்தை அமுக்கினால்தான் ஒரு புள்ளி. 1988 சியோல் ஒலிம்பிக் ஃபைனலில் ராய் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பையன் 86 அடி கொடுத்து 32 வாங்கியும் கொரிய வீரரிடம் நடுவர் கணக்கில் 3–2 என்று தோற்றதாக அறிவித்தார்கள், உலகமே சிரித்தது, அந்த அசிங்கத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் இந்த மெஷினை ஒலிம்பிக்குக்குக் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் மூன்று ஜோடிக் கண்ணுக்கும் ஒரே வினாடியில் தெளிவாகத் தெரிகிற அடி எது? தள்ளி நின்று நேராக முகத்தில் விழுகிற ஜாப், கிராஸ். இரண்டு பேரும் ஒட்டி நிற்கும்போது விலாவில் விழுகிற ஹூக்கை ஒரு நடுவர் பார்ப்பார், எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு உங்கள் முதுகுதான் தெரியும். நீங்கள் உள்ளே புகுந்து உடம்பில் அடிக்கிற ஆள். எதிராளிக்கு மூச்சு வாங்க வைத்த எத்தனையோ அடிகள் அந்த மெஷினைப் பொறுத்தவரை விழவே இல்லை. 2013-ல் அந்த முறையையே தூக்கிவிட்டு ரவுண்டை ஜெயித்தவருக்குப் பத்துப் புள்ளி என்று மாற்றினார்கள். அதற்காக நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த மேட்சை நான் பார்க்கவில்லை, புது முறையிலும் புகார் இல்லாத வருடம் கிடையாது. மாஸ்டர் ஜாப் போடு என்று கத்தியது உங்கள் ஆட்டம் பிடிக்காமல் இல்லை, அந்த மெஷினுக்கு எது புரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்காதது உங்கள் கணக்கில்தான் வரும். எழுதிக்கொள்ளுங்கள், அது ஒன்று.

எடை விஷயம் வேறு. 65-லிருந்து 60 என்றால் உடம்பு எடையில் ஏழரை சதவீதத்துக்கு மேல். தண்ணீர் இழப்பு எடையில் 2 சதவீதத்தைத் தொட்டாலே உழைப்புத் திறன் இறங்க ஆரம்பிக்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் பாலபாடம். ரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் அதே வேலைக்கு அதிகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது, வியர்வை விட்டு உடம்பைக் குளிர்விக்க முடிவதில்லை, பட்டினி கிடந்ததால் தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையும் காலி. அமெச்சூரில் மேட்ச் இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள், அதனால் நீங்கள் ஃபைனலுக்கு மட்டும் காய்ந்திருக்க மாட்டீர்கள், போட்டி ஆரம்பித்த முதல் நாளிலிருந்தே அரைகுறையாகக் குடித்துக் காய்ந்துகொண்டு வந்திருப்பீர்கள். எடை பார்த்த பிறகு ஒரு பாட்டில் குளுக்கோஸ் குடித்தால் நாக்கு நனையும், சில மணி நேரத்தில் கால் தசை நனையாது. அப்போது இரண்டு நிமிட ரவுண்டு நான்கு. மூன்று ரவுண்டு வரைக்கும் அந்த உடம்பு முன்னிலையில் நின்றதே பெரிய விஷயம். நாலாவதில் கால் எழாததை நீங்கள் கோழைத்தனம் போல எழுதியிருக்கிறீர்கள், ‘மனசு விட்டுவிட்டேனோ’ என்கிற சந்தேகம் வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. மருத்துவனாகச் சொல்கிறேன், அது மனசு இல்லை, தண்ணீர்.

இன்னொரு பையனுக்கு இடம் கொடுப்பதற்காக வளர்ந்த ஆளை ஐந்து கிலோ இறக்கச் சொன்னது தவறு. அந்தக் காலத்தில் எல்லா மாஸ்டரும் செய்தார்கள் என்பது உண்மைதான், அதனால் தவறு சரியாகிவிடாது. காய்ந்த உடம்போடு தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆக, இருபது வருடமாக ஒரு ராத்திரி முழுப் பழியும் உங்கள் மேல், அடுத்த ராத்திரி முழுப் பழியும் மாஸ்டர் மேல் என்று மாறி மாறிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பிரித்துப் பாருங்கள். ஜாப் உங்களுடையது, எடை அவருடையது, பட்டன் யாருடையதும் இல்லை.

முகாமுக்குப் போகாதது பற்றி. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1990-களில் இதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்குச் செய்த தப்புதான் அதிகம் உறுத்தும், வருடங்கள் போகப் போகச் செய்யாமல் விட்டதுதான் அதிகம் உறுத்தும் என்று கண்டார்கள். ஒரு காரணம் எளிது. செய்து கெட்டுப்போனதற்கு ஒரு முடிவு இருக்கிறது, செய்யாததற்கு முடிவே கிடையாது, மனம் போனபடி அதை நீட்டிக்கொண்டே போகலாம். உங்கள் விஷயத்தில் அது பெய்ஜிங் வரைக்கும் நீண்டுவிட்டது!

60 கிலோவில் இந்தியர் யாரும் இல்லை என்பது சரிதான். ஜிதேந்தர் 51, அகில் 54, லாக்ரா 57, விஜேந்தர் 75, தினேஷ் 81. அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்று யோசித்தீர்களா? யாரும் போகாமல் விட்டதால் இல்லை. ஒலிம்பிக் தகுதிப் போட்டிகளில் தேறினால்தான் டிக்கெட், இந்தியாவின் முதல் வரிசை ஆட்களே அந்த எடையில் தேறவில்லை. மாநில ஃபைனலில் இரண்டு புள்ளியில் தோற்ற நீங்கள் முதலில் அந்தத் தமிழ்நாட்டுக்காரரைத் தாண்டி, பிறகு தேசியப் போட்டியில் ராணுவ அணியையும் ரயில்வே அணியையும் ஹரியானாவையும் தாண்டி, அதற்குப் பிறகு கசக்ஸ்தான், கொரியா என்று நிற்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. பூத்த பூவெல்லாம் காயாகிவிட்டதாகக் கணக்குப் போட்டுத் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர் யாராவது உண்டா? உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், பிஞ்சில் உதிர்வது எவ்வளவு, காற்றில் விழுவது எவ்வளவு என்று. நீங்கள் வாழாத வாழ்க்கைக்கு மட்டும் அந்தக் கழிவைப் போடாமல் விட்டுவிட்டீர்கள்.

அந்தக் கற்பனை வாழ்க்கையை நிஜமாகவே ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும். நீங்கள் தொடர்ந்து ஆடியிருந்தால் 2012 டிசம்பரில், உங்களுடைய 28-வது வயதில், சங்கத் தேர்தல் தகராறில் இந்தியச் சங்கத்தையே உலகச் சங்கம் இடைநீக்கம் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஒரு சங்கம் வந்து போய், இப்போதுள்ள சங்கம் உருவானது 2016-ல். நடுவில் இருந்த வருடங்களில் நல்ல வயதைத் தொலைத்த பையன்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலருக்கும் இப்போது உங்கள் வயதுதான் இருக்கும், அவர்களும் ராத்திரியில் தூங்காமல் ‘2006-லேயே விட்டுவிட்டு ஓசூரில் ஒரு வேலைக்குப் போயிருக்கலாம்’ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அப்பா படுக்கையில், குத்தகைப் பணம் கட்டியாகிவிட்டது, காய் இறக்க வேண்டிய நேரம். கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் லாரி வரிசையில் நிற்கும்போது காய் அடிபட்டுப் போனால் அந்த வருடமே போயிற்று. நீங்கள் விட்டது தப்பா என்று கேட்டீர்கள். தப்பில்லை. ஒரு குடும்பத்தின் வருடக் கடனையும் ஒரு முகாமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இருபத்திரண்டு வயதுப் பையன் எடுத்த சரியான முடிவு. சரியான முடிவும் வலிக்கும், அதற்காக அதைத் தப்பான முடிவாக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

வெள்ளி வாங்கினவர்களுக்கு என்றே ஒரு தொல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்சிலோனா ஒலிம்பிக் வீடியோக்களை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் மூன்று பேரும் 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள்தான் முகத்தில் சந்தோஷமாகத் தெரிந்தார்கள். வெண்கலக்காரர் ஒன்றுமே இல்லாமல் போயிருக்கலாமே என்று கீழே பார்க்கிறார், வெள்ளிக்காரர் மேலே ஒரு படியை மட்டும் பார்க்கிறார். செமிஃபைனலில் நீங்கள் தோற்றிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது என்று நினைக்கிறேன். பீரோவில் அந்த மெடலைத் துணிக்கு அடியில் வைத்திருந்தால் எடுத்து வெளியே வையுங்கள், மகள் பார்க்கட்டும்.

ரயில்வே நண்பர் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்பாரிங் வேறு, மேட்ச் வேறு. அவர் தொடர்ந்து ஆடினார், அதற்குரிய மெடல் வந்தது, அதற்கு வேலை கிடைத்தது. பொறாமை வருகிறது என்றால் வரட்டும், வந்துவிட்டுப் போகும்.

இப்போது நான் உண்மையில் கேட்க நினைத்த கேள்வி. அந்த ஃபைனலைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். மாஸ்டர் இரண்டு முறை ஆள் அனுப்பியதற்கும் நீங்கள் போகாததற்கும் ஒரே ஒரு வரி. ஆனால் அவர் மகனைப் பார்த்தால் வண்டியைத் திருப்புகிறீர்கள். ரவுண்டானா நெரிசலில், பெங்களூர் பஸ்ஸும் சேலம் பஸ்ஸும் மோதிக்கொள்கிற மாதிரி வருகிற இடத்தில், ஒரு மனிதன் இன்னொருவர் கண்ணில் படாமல் இருப்பதற்காக வண்டியைத் திருப்புகிறான் என்றால் அங்கேதான் ஏதோ இருக்கிறது. 12–14 என்கிற தோல்விக்கு யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. நீங்கள் ஆட்டத்தை விட்டதற்காக வருத்தப்படுவதைவிட, சொல்லாமல் விட்டதற்காகத்தான் அதிகம் வருத்தப்படுகிறீர்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்கள் கையில் பேண்டேஜ் சுற்றிவிட்ட மனிதர். அவர் மேல் கோபமும் இருந்தது, அந்த 64 கிலோப் பையன் விஷயம் அப்போதே உங்களுக்கு உறைத்திருக்கும், கோபத்தைச் சொல்லவும் முடியாமல் நன்றியைச் சொல்லவும் முடியாமல் முகத்தைக் காட்டாமலே இருந்துவிட்டீர்கள். அப்பா உடம்பு, மாங்காய் எல்லாம் நிஜமான காரணங்கள்தான், ஒரு நடை போய் ‘மாஸ்டர், என்னால் வர முடியாது’ என்று சொல்வதற்கு அவை தடையில்லை. இருபத்திரண்டு வயதில் அந்த நடையை நடப்பது கஷ்டம். நாற்பத்தொன்றில் நடக்கலாம்.

போய்ப் பாருங்கள். பழமோ ஹார்லிக்ஸோ வாங்கிக்கொண்டு, மத்தியானத் தூக்கம் முடிகிற நேரமாகப் பார்த்து, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனாலும் நல்லதுதான். சில எச்சரிக்கைகள் மட்டும். அங்கே போய் அந்த ஃபைனலுக்குத் தீர்ப்பு கேட்காதீர்கள். அவருக்கு அந்த மேட்சே ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், எத்தனையோ பையன்களின் எத்தனையோ மேட்ச் பார்த்தவர், உங்களுக்கு அது ஒன்று, அவருக்கு நூற்றில் ஒன்று. அல்லது நன்றாக ஞாபகம் இருந்து ‘நான் சொன்ன மாதிரி ஜாப் போட்டிருந்தால்...’ என்று ஆரம்பிக்கலாம், அதற்கும் தயாராகப் போங்கள். எடை பற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள், சண்டையாக இல்லாமல். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள், அந்தத் தலைமுறை மாஸ்டர்களுக்கு அது வராது. நீங்கள் சொல்ல வேண்டியது, ‘அப்போது வந்து சொல்லியிருக்க வேண்டும், வராமல் இருந்துவிட்டேன்’ என்ற ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் மீதிப் பேச்சு ஊர்க் கதையாகப் போனாலும் பரவாயில்லை. அந்த மகனிடம் முதலில் போனில் பேசிவிட்டுப் போவது இன்னும் சுலபம்.

மகளிடம் கத்தியது பற்றி. உங்களுக்கு வலித்த இடத்தில் அந்தக் குழந்தை தெரியாமல் கை வைத்துவிட்டாள், அதை அவளிடம் அப்படியே சொல்லலாம், பதிமூன்று வயதில் புரியும். நீங்கள் ஆடிய காலத்தில் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பாக்ஸிங்கே கிடையாது, 2012 லண்டனில்தான் சேர்த்தார்கள், மேரி கோம் அங்கேயே வெண்கலம் வாங்கினார். டோக்கியோவில் லவ்லினா வாங்கினார், நிகத் ஸரீன் 2022-லும் 2023-லும் உலக சாம்பியன். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேனே தவிர, அதற்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தால் சேருங்கள், ஆறு மாதத்தில் வேண்டாம் என்றால் விட்டுவிட அனுமதியுங்கள்.

சேர்க்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். பயிற்சியாளர் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸில் படித்தவரா, வாரத்தில் எத்தனை நாள் ஸ்பாரிங் வைக்கிறார், பெரிய பிள்ளைகளோடு போட்டுவிடுகிறாரா என்று கேளுங்கள், போட்டியைவிடத் தினசரி ஸ்பாரிங்கில்தான் மொத்த அடி அதிகம் சேர்கிறது. தலையில் அடிபட்டு ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். குறைந்தது 30 நாள் ரிங் பக்கமே விடமாட்டேன் என்று சொன்னால் விதி தெரிந்தவர், மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை என்றால் 90 நாள், வருடத்தில் மூன்று முறை என்றால் ஒரு வருடம். தண்ணீர் தெளித்து எழுப்பிவிடுவோம் என்று சிரித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹெட்கார்டு போட்டிருக்கிறாள் என்று நம்பிவிடவும் வேண்டாம், அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. அப்புறம் எடை. வளர்கிற பெண், களியோ சோறோ வயிறாரச் சாப்பிட்டு என்ன எடை வருகிறதோ அந்த எடையில் ஆடட்டும். ஒரு கிலோ இறக்கு என்று யார் சொன்னாலும் நீங்கள் முன்னால் போய் நிற்கலாம், அதற்கு உங்களைவிடத் தகுதியான அப்பா கிடைக்க மாட்டார். வீட்டில் நீங்களே பேட் பிடியுங்கள். மேட்ச் நடக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், கார்னரில் கத்த ஒருத்தர் போதும்.

ராத்திரி ஓடுகிற அந்த ரவுண்டுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு நோட்டில் அந்த நாளை முழுதாக எழுதுங்கள், காலையில் எடை மெஷின் மேல் ஏறியதிலிருந்து. முக்கியமாக, மணி அடித்த இடத்தில் நிறுத்தாதீர்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது? ரெஃப்ரி யார் கையைத் தூக்கினார், முதலில் தண்ணீர் கொடுத்தது யார், என்ன சாப்பிட்டீர்கள், பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார், அம்மா என்ன சொன்னார். மனம் எப்போதும் நாலாவது ரவுண்டில் படத்தை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறது, அதை வீடு வந்து சேருகிற வரைக்கும் ஓட விட வேண்டும். பகலில் எழுதுங்கள், நைட் ஷிப்ட் முடிந்து வந்து எழுதாதீர்கள்.

கடைசியாகத் தலைவலியும் மறதியும். குத்துச்சண்டை வீரர்களுக்கு வருகிற மூளைப் பாதிப்பைப் பற்றி 1928-லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார், இன்று அதற்கு நீளமான பெயரெல்லாம் இருக்கிறது, இன்டர்நெட்டில் தேடிப் பார்த்து நீங்கள் ஏற்கெனவே பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பெரும்பாலும் பல வருடம் ஆடிய தொழில்முறை ஆட்களிடம் பார்த்த விஷயம், உயிரோடு இருப்பவருக்கு உறுதியாகச் சொல்கிற பரிசோதனையும் இன்னும் கிடையாது, அதனால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மாறி மாறி வருகிற ஷிப்ட், கெட்டுப்போன தூக்கம், குவார்ட்டர், ரத்த அழுத்தம், தைராய்டு, பி-12 குறைவு, மனச்சோர்வு என்று மறதிக்கு நாங்கள் முதலில் தேடுகிற காரணங்கள் இவை, இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. தூங்குவதற்காகக் குடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விட்டுவிடும், எழுந்தால் என்ன ஓடும் என்று உங்களுக்கே தெரியும். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, லீவு கிடைக்குமா என்று யோசிக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லை என்றால் கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் முதலில் பார்த்துவிடுங்கள், அவர்கள் சொன்னால் பெங்களூரில் இருக்கிற மூளை, நரம்பு ஆஸ்பத்திரியான நிமான்ஸ் உங்களுக்கு ஓசூரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். போகும்போது எந்த வருடம் எங்கே அடிபட்டு மயங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்கும்போது ஒன்றும் ஞாபகம் வராது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மறதி எப்போதிலிருந்து என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார், வாரத்தில் மூன்று நாள்தானா என்பதையும் அவரே சொல்லட்டும்.